அரிதாரம் கலைத்தவர்கள்: 1980 முதல் 1984 வரை சில கிளாம் ராக் இசைத்தட்டுகள்

டேவிட் போவி எனக்கு அறிமுகமானது தலைகீழாக. முதலில் கைக்கு வந்தது 'லெட்ஸ் டான்ஸ்' கேசட். அட்டையில் குத்துச்சண்டைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு ஆள் நிற்பார், அவர்மேலும் பின்னால் சுவர்மேலும் ஒரு நகரத்தின் படம் விழுந்திருக்கும். பாட்டெல்லாம் நல்ல ஆட்டப் பாட்டு. ஏதோ அமெரிக்க பாப் பாடகர்னு பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப வருஷம் கழித்துத்தான் 1973ல் வந்த 'அலாடின் சேன்' அட்டையைப் பார்த்தேன். சிவப்பாகச் சிலிர்த்த தலைமுடி, மூடிய கண்கள், முகத்தின் குறுக்கே சிவப்பும் நீலமுமாக ஒரு மின்னல். இந்த ஆளும் அந்த ஆளும் ஒருத்தரே என்று தெரிந்தபோது எனக்குள் வந்த கேள்வி ரொம்ப எளிமையானது: அந்த அரிதாரம் எல்லாம் எங்கே போச்சு?

பெரும்பாலான ரசிகர்கள் இந்தக் கதையை முன்னாலிருந்து பின்னால் வாசித்தவர்கள். நான் பின்னாலிருந்து முன்னால் போனவன். அதனாலோ என்னவோ, கிளாம் ராக் வரலாறுகள் சுருக்கமாக முடித்துவிடும் அந்த எண்பதுகளின் தொடக்கம்தான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. கடந்த சில வாரங்களாக 1980க்கும் 1984க்கும் இடையில் பழைய கிளாம் ஆட்கள் வெளியிட்ட இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி கேட்டேன். அதன் குறிப்புகள்தான் இது.

கிளாம் ராக் பற்றி அதிகம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1971 மார்ச்சில் பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் டி. ரெக்ஸ் குழுவின் மார்க் போலன் கண்ணுக்குக் கீழே ஜிகினா பூசிக்கொண்டு வந்து பாடினார். தொடக்கம் அதுதான் என்பார்கள். அடுத்த மூன்று நான்கு வருஷம் பிரிட்டன் தொலைக்காட்சியில் ஆண்கள் பட்டும் சரிகையும் உயரக் குதிகால் பூட்ஸும் போட்டுக்கொண்டு, கால் தரையைத் தட்டுவது மாதிரியான டிரம்ஸோடு மூன்று நிமிஷப் பாட்டுகளைப் பாடினார்கள். போவி, ராக்ஸி மியூசிக் மாதிரி கலைக்கல்லூரி வாசனை அடிக்கும் ஆட்கள் ஒரு பக்கம். ஸ்லேட், ஸ்வீட் மாதிரி உழைக்கும் வர்க்கத்துக் கூச்சல்காரர்கள் இன்னொரு பக்கம். 1975 வாக்கில் அலை ஓய்ந்தது. 1977 செப்டம்பரில் போலன் கார் விபத்தில் இறந்தார். முப்பது வயது முடிய இரண்டு வாரம் பாக்கி இருந்தது.

இங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது. 1972ல் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் டிவி முன்னால் வாய் பிளந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள் 1980ல் வளர்ந்துவிட்டார்கள். லண்டன் கோவென்ட் கார்டனில் 'பிளிட்ஸ்' என்ற கிளப்பில் முகம் முழுக்கப் பவுடரும் மையுமாகக் கூடினார்கள். ஆடம் ஆன்ட் முகத்தில் வெள்ளைப் பட்டை போட்டுக்கொண்டு இரண்டு டிரம்மர்களோடு வந்து பட்டியல்களைப் பிடித்தார். பிள்ளைகள் அரிதாரம் பூச உட்கார்ந்த அதே நேரத்தில்தான் பெரியவர்கள் எழுந்துபோய் முகம் கழுவினார்கள். எண்பதுகளின் தொடக்க இசைத்தட்டுகளை இந்தக் கோணத்தில் கேட்டால் ஒவ்வொருவரும் எப்படிக் கழுவினார்கள், எதைக் கழுவினார்கள் என்பது தெளிவாகக் கேட்கிறது.

முதலில் போவியின் 'ஸ்கேரி மான்ஸ்டர்ஸ்', 1980 செப்டம்பர். என் கணக்கில் கிளாம் ஆட்கள் அந்தப் பத்தாண்டில் செய்த மிகச் சிறந்த வேலை இது. காரணம், தன் பழைய வேஷங்களோடு இது நேருக்கு நேர் சண்டை போடுகிறது. அட்டையிலேயே அது தொடங்குகிறது: கோமாளி உடையில், மை கலைந்த முகத்தோடு போவி. 'ஆஷஸ் டு ஆஷஸ்' பாட்டில் 1969ஆம் வருஷத்து 'ஸ்பேஸ் ஆடிட்டி'யின் விண்வெளி வீரர் மேஜர் டாம் திரும்ப வருகிறார், ஆனால் வீரராக இல்லை. போதையில் சிக்கிய ஒரு மனிதராக. தன்னைப் புகழின் உச்சிக்குத் தூக்கிவிட்ட பாத்திரத்தை ஒருவர் இப்படிக் கூப்பிட்டு நிறுத்தி வைத்து விசாரிப்பது பாப் இசையில் அபூர்வம்.

அந்தப் பாட்டின் ஓசையும் அதற்கேற்ற மாதிரிதான். ராய் பிட்டன் வாசித்த பியானோவை ஒரு மின்னணுக் கருவி வழியாக விட்டு, தண்ணீருக்கடியில் வாசிப்பது போல நெளிய வைத்திருக்கிறார்கள். தாளம் எங்கே விழும் என்று எதிர்பார்க்கிறோமோ அங்கே விழாது. கடைசியில் குழந்தைப் பாட்டு மாதிரி ஒரு வரி திரும்பத் திரும்ப வந்து மங்கிப் போகும். இவ்வளவு விசித்திரமான பாட்டு பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. வீடியோவில் கடற்கரையில் கோமாளி உடையில் போவி நடக்கிறார், கூடவே அங்கி அணிந்த நான்கு பேர், பின்னால் ஒரு புல்டோசர். பிளிட்ஸ் கிளப்புக்குப் போவியே நேரில் போய்ப் பொறுக்கி எடுத்த ஆட்கள் அவர்கள். ஸ்டீவ் ஸ்ட்ரேஞ்ச் அதில் ஒருவர். இதைச் சிலர் ஆசீர்வாதம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆல்பத்தில் 'டீனேஜ் வைல்ட்லைஃப்' என்று ஏழு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவான பாட்டு ஒன்று இருக்கு; தன்னைப் பார்த்து நகலெடுக்கும் இளசுகள்மேல் அதில் எரிச்சல்தான் அதிகம். வீடியோவில் அவர்களை நடக்க விடுகிறார், ஆனால் பின்னால் புல்டோசரை ஓட்டி வருகிறார். இரண்டும் உண்மைதான் என்று நினைக்கிறேன்.

ராக்ஸி மியூசிக் கதை வேறு. 1972ல் முதல் ஆல்பத்தில் அவர்கள் சத்தம் ஒரு பழைய இரும்புக் கடை மாதிரி இருந்தது. ஓபோ ஒரு பக்கம் அழ, சிந்தசைசர் ஒரு பக்கம் கிறீச்சிட, நடுவில் பிரையன் ஃபெர்ரி பேய் பிடித்த மாதிரி பாடுவார். 1980ல் வந்த 'ஃபிளெஷ் அண்ட் பிளட்' ஆல்பத்தில் அந்தக் கடையைக் காலி செய்து தரையைப் பெருக்கித் துடைத்தாகிவிட்டது. டிரம்மர் பால் தாம்ப்சனும் போய்விட்டார், மூன்று பேர்தான் மிச்சம். 1981ல் ஜான் லெனனுக்கு அஞ்சலியாகப் பாடிய 'ஜெலஸ் கை' பிரிட்டனில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே முதலிட சிங்கிள். பத்து வருஷம் சொந்தப் பாட்டுகளில் புதுமை செய்த குழுவுக்கு, இன்னொருவர் பாட்டில் முதலிடம்!

1982ன் 'அவலான்' எல்லோரும் கொண்டாடும் ஆல்பம். நானும் அதை அடிக்கடி கேட்பவன்தான், பொய் சொல்ல மாட்டேன். பஹாமாஸில் பதிவு செய்து, நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவில் மெருகேற்றி, பாப் கிளியர்மவுன்டன் கலந்து கொடுத்தது. எந்தக் கருவி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது; எல்லாம் ஒரே பனிமூட்டம். தலைப்புப் பாட்டில் ஹெய்ட்டியைச் சேர்ந்த யானிக் எத்தியென்னின் குரல் கடைசியில் எழும்பும் இடம் இப்பவும் சிலிர்க்க வைக்கிறது. ஆனால் ஃபெர்ரி இங்கே செய்திருப்பது முகம் கழுவுவது அல்ல. மொத்த முகத்தையும் கரைத்துவிட்டார். முன்பு அந்தப் பணக்கார சொகுசு வாழ்க்கையைப் பாடும்போது குரலில் ஒரு கிண்டல் இருக்கும், நிலக்கரிச் சுரங்க ஊரிலிருந்து வந்தவர் மேல்தட்டு விருந்தை ஓரக்கண்ணால் பார்க்கிற கிண்டல். 'அவலான்' ஆல்பத்தில் அந்த ஓரக்கண் இல்லை. விருந்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். நன்றாக இருக்கிறது, குளிராகவும் இருக்கிறது. அதோடு குழுவும் கலைந்தது.

கலைக்கல்லூரிக்காரர்களை விட்டு இப்போது கூச்சல்காரர்களிடம் வருவோம். விமர்சகர்கள் இவர்களைக் கண்டுகொள்வதே இல்லை, அது எனக்குக் கோபம் தரும் விஷயம்.

இங்கிலாந்தின் வோல்வர்ஹாம்ப்டன் பகுதியிலிருந்து வந்த ஸ்லேட் 1971க்கும் 1973க்கும் இடையில் ஆறு பாட்டுகளைப் பிரிட்டனில் முதலிடத்தில் வைத்த குழு. பாட்டுத் தலைப்புகளை வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு எழுதுவார்கள். 'வீட்டுக்குப் போறேன்' என்பதை 'வூட்டுக்குப் போறேன்' என்று தட்டச்சில் அடித்து விற்பது போல. பள்ளிக்கூட வாத்தியார்கள் எல்லாம் முகம் சுளித்தார்கள். எழுபதுகளின் நடுவில் அமெரிக்காவைப் பிடிக்கலாம் என்று போய் இரண்டு வருஷத்தைத் தொலைத்துவிட்டுத் திரும்பினால், ஊரில் பங்க் வந்துவிட்டது. 1977ல் அவர்கள் வெளியிட்ட ஆல்பத்தின் பெயரே 'ஸ்லேட் என்ன ஆனார்கள்?' என்ற அர்த்தத்தில்தான் இருக்கும். ஆல்பமும் போணியாகவில்லை. 1980 வாக்கில் கிடாரிஸ்ட் டேவ் ஹில் கிட்டத்தட்ட விலகியே போய்விட்டார்.

அந்த ஆகஸ்டில் ரெடிங் திருவிழாவில் ஆஸி ஆஸ்போர்ன் கடைசி நேரத்தில் வர முடியாமல் போக, ஸ்லேடைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் சாஸ் சாண்ட்லர் டேவ் ஹில்லைச் சமாதானப்படுத்தி, கடைசியாக ஒரே ஒரு தடவை என்று மேடையேற்றினார். கூட்டம் முழுக்க ஹெவி மெட்டல் பிள்ளைகள். யாரோ பழைய டிவி ஆட்கள் வந்து பாடப் போகிறார்கள் என்று இருந்தவர்கள், ஒரு மணி நேரத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். குழு கலையவில்லை. அடுத்த வருஷம் 'வீ'ல் பிரிங் த ஹவுஸ் டவுன்' பிரிட்டனின் முதல் பத்துக்குள் வந்தது. கேட்டுப் பாருங்க: பாட்டு முழுக்கக் கூட்டத்தின் கூச்சலும் டிரம்ஸும்தான், மெட்டு என்று பார்த்தால் கொஞ்சம்தான். ரெடிங்கில் அன்று நடந்ததையே பாட்டாக்கிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். ஆல்பமாகப் பார்த்தால் அது முந்தைய துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது, சமமாக இருக்காது. அதே வருஷக் கடைசியில் வந்த 'டில் டெஃப் டூ அஸ் பார்ட்' இன்னும் கனமானது. எனக்குப் பாதிக்கு மேல் அலுப்பு.

ஆனால் 1983 டிசம்பரில் வந்த 'தி அமேசிங் காமிகாசி சிண்ட்ரோம்' வேறு சங்கதி. 'மை ஓ மை' தோளோடு தோள் சேர்த்து ஆடும் மெதுவான பாட்டு, அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது. எனக்குப் பிடித்தது 'ரன் ரன்அவே'. அதில் ஜிம் லீ வயலினை எடுக்கிறார். 1971ல் அவர்களுக்கு முதல் முதலிடத்தைக் கொடுத்த பாட்டிலும் அதே ஜிம் லீயின் வயலின்தான். பன்னிரண்டு வருஷம் கழித்து மூலையில் கிடந்த கருவியைத் தூசி தட்டி எடுத்த மாதிரி. மேலே நாடி ஹோல்டரின் அந்தக் குரல், இரும்புத் தகட்டைக் கிழிக்கும் குரல். வேஷத்தைப் பொறுத்தவரை ஸ்லேட் எதையும் கழுவவும் இல்லை, விசாரிக்கவும் இல்லை. மேடையில் கண்ணாடித் துண்டு ஒட்டிய தொப்பி போனாலும் குரல் அதேதான். பூசியிருந்தது மேல்தோலில் மட்டும்தான் என்பதால் அதைத் துடைத்தாலும் ஆள் மாறவில்லை.

இத்தனைக்கும் அமெரிக்கா அவர்களுக்குக் கதவைத் திறந்தது வேறொருவர் தயவில். லாஸ் ஏஞ்சலஸ் குழுவான க்வயட் ரயட் 1983ல் ஸ்லேடின் 'கம் ஆன் ஃபீல் த நாய்ஸ்' பாட்டைத் திரும்பப் பாடி வெளியிட்டது. ஸ்லேடின் மூலம் அமெரிக்காவில் முதல் ஐம்பது இடத்துக்குள்கூட வரவில்லை; நகல் ஐந்தாம் இடம் வந்தது. அந்தப் பாட்டைத் தூக்கிக்கொண்டு 'மெட்டல் ஹெல்த்' ஆல்பம் நவம்பரில் அமெரிக்கப் பட்டியலின் உச்சிக்கே போய்விட்டது. தயாரிப்பாளர் வற்புறுத்தியதால் விருப்பமே இல்லாமல், கெட்டுப்போகட்டும் என்று ஒத்திகைகூடப் பார்க்காமல் வாசித்தோம் என்று குழுவினரே பிறகு சொன்னார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் எனக்கு ஒரு வித்தியாசம்தான் பெரிதாகப் படுகிறது: மூலத்தில் சிரிப்பு இருக்கிறது, நகலில் சத்தம் மட்டும் இருக்கிறது. ஆனால் நகல் போட்ட பாதையில்தான் அடுத்த வருஷம் 'ரன் ரன்அவே' அமெரிக்காவில் இருபதாம் இடத்துக்கு வந்தது. உடனே ஆஸி ஆஸ்போர்னோடு அமெரிக்கச் சுற்றுப்பயணம் கிளம்பினார்கள். சில நாளிலேயே ஜிம் லீ நோயில் விழ, திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு அந்த நால்வரும் சேர்ந்து ஒரு முழுச் சுற்றுப்பயணம் போகவே இல்லை. வாசல்படி வரை வந்து திரும்பிய கதை.

இந்த மாதிரி, மூலக்காரர் ஒதுங்கி நிற்க அவர் பாட்டு வேறொருவர் வாயில் ஜெயிப்பது அந்த வருஷங்களில் ஒரு வழக்கமாகவே இருந்தது. பிரிட்டனில் ஆரோஸ் என்ற குழு 1975ல் பாடிய 'ஐ லவ் ராக் அண்ட் ரோல்' 1982ல் ஜோன் ஜெட் குரலில் அமெரிக்காவில் ஏழு வாரம் முதலிடம். ஜோன் ஜெட் யாரைப் பார்த்துக் கிடாரைக் கையில் எடுத்தார்? சூஸி குவாட்ரோவை. குவாட்ரோவின் 1980ஆம் வருஷத்து 'ராக் ஹார்ட்' எங்கே போச்சு என்று யாருக்கும் தெரியாது. ஸ்வீட், குவாட்ரோ இரண்டு பேருக்கும் பாட்டு எழுதிக் கொடுத்த சின், சாப்மேன் ஜோடியின் ஒரு சுமாரான பாட்டு, பாடும் ஆளும் தலைப்பும் மாறி 'மிக்கி' என்று டோனி பேசில் குரலில் 1982 டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடம். கிளாம் என்பது ஓசையாக எண்பதுகளில் செத்துப் போகவே இல்லை. அமெரிக்கா அதைத் தாமதமாக, வேறு பெயர்களில் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

ஸ்வீட் பற்றி ஒரு பத்தி போதும். பாடகர் பிரையன் கானலி 1979ல் போனபிறகு மிச்சமிருந்த மூவரும் இழுத்துப் பார்த்தார்கள், 1981ல் முடிந்தது. மிச்சப் பதிவுகள் 1982ல் மேற்கு ஜெர்மனியில் ஒரு ஆல்பமாக வந்தன, சொந்த நாட்டில் வெளியிட ஆளில்லை. ஆல்பத்தின் பெயர் 'ஐடென்டிடி கிரைசிஸ்'. அடையாள நெருக்கடி! அதை விடப் பொருத்தமாக யாராலும் பெயர் வைக்க முடியாது. இறந்துபோன போலனுக்கு நடந்தது இன்னும் மோசம். அறுபதுகளில் அவர் கிடாரோடு தனியாகப் பாடி வைத்திருந்த மாதிரிப் பதிவுகளை எடுத்து, மேலே புதுக் கருவிகளை ஒட்டி, 1981ல் 'யூ ஸ்கேர் மீ டு டெத்' என்று வெளியிட்டார்கள். செய்தவர் அவருடைய பழைய மேனேஜர் சைமன் நேப்பியர்-பெல். அந்த இளம் குரல் அழகானது, நடுங்குவது. அதற்கு இவ்வளவு பூச்சு தேவையில்லை. உயிரோடிருந்தவர்கள் அரிதாரத்தைக் கலைத்துக்கொண்டிருந்தபோது இறந்தவருக்கு மட்டும் பூசிவிட்டார்கள்.

இப்போது நான் தொடங்கிய கேசட்டுக்குத் திரும்புகிறேன். 'லெட்ஸ் டான்ஸ்', 1983 ஏப்ரல். பழைய நிறுவனமான ஆர்சிஏவை விட்டுவிட்டுப் புது ஒப்பந்தம், புதுத் தயாரிப்பாளர் நைல் ராட்ஜர்ஸ். ஆண்டுக்கணக்காகக் கூட வேலை செய்த டோனி விஸ்கான்டி தேதி ஒதுக்கிவிட்டுக் காத்திருக்க, போவி ராட்ஜர்ஸோடு பவர் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். லிட்டில் ரிச்சர்ட் சிவப்பு சூட்டில் சிவப்புக் காரில் ஏறும் ஒரு புகைப்படத்தைக் காட்டி, ஆல்பம் இப்படி இருக்கணும் என்றாராம். பதினேழு நாளில் வேலை முடிந்தது என்று ராட்ஜர்ஸ் சொல்லியிருக்கிறார். முதல் பக்கத்தின் முதல் மூன்று பாட்டுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டீவி ரே வானின் புளூஸ் கிடார், இரும்புச் சுவரில் எறிந்த மாதிரி டிரம்ஸ், அந்தக் குரல். இந்த ஆல்பம் ஒரு துரோகம், காசுக்காகச் செய்தது என்ற பழைய புகாரில் எனக்கு உடன்பாடில்லை. ஆட்டப் பாட்டு போடுவது குற்றமா என்ன?

என் புகார் இரண்டாம் பக்கத்தில், யாரும் அதிகம் பேசாத ஒரு பாட்டில் இருக்கிறது. 'கிரிமினல் வேர்ல்ட்'. இது மெட்ரோ என்ற ஆங்கிலக் குழு 1977ல் வெளியிட்டது. ஆண் யார், பெண் யார், யாருக்கு யார்மேல் ஆசை என்பதைக் கலைத்து விளையாடும் பாட்டு. போவி திறந்துவிட்ட கதவு வழியாக உள்ளே வந்த பாட்டு என்றே சொல்லலாம். பிபிசி அதை ஒலிபரப்பத் தடை போட்டது. ஆறு வருஷம் கழித்துப் போவி அதைத் தன் ஆல்பத்தில் பாடும்போது, மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு அந்த விளையாட்டு இருக்கும் வரிகளைத்தான் மாற்றியிருக்கிறார். ஆணும் பெண்ணுமான வழக்கமான காதல் பாட்டாக ஆகிவிட்டது. தடை செய்தவர்கள் எதைப் பார்த்துப் பயந்தார்களோ அதை அவரே நீக்கிக் கொடுத்துவிட்டார். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்க, மெட்ரோவை முதலில்.

இது தனியாக ஒரு பாட்டோடு நிற்கவில்லை. அதே வருஷம் ரோலிங் ஸ்டோன் இதழுக்குக் கொடுத்த பேட்டியில், எழுபதுகளில் தன் பாலின நாட்டம் பற்றி வெளிப்படையாகச் சொன்னதே தான் செய்த மிகப் பெரிய தவறு என்றார். தவறா? 1972 ஜனவரியில் மெலடி மேக்கர் இதழில் அவர் அதைச் சொன்னபோது பிரிட்டனில் தன்பாலின உறவு பகுதியளவு சட்டபூர்வமாகி ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. ஊர் ஊராக எத்தனையோ பிள்ளைகள் அந்த ஒரு பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு வளர்ந்தார்கள். அவர் உள்ளுக்குள் உண்மையில் என்னவாக இருந்தார் என்பது அவர் சொந்த விஷயம், அதைத் தோண்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. வேஷத்தைக் கலைக்க நடிகருக்கு உரிமை உண்டு. ஆனால் எந்த நேரத்தில்? அமெரிக்காவில் எய்ட்ஸ் என்ற பெயரே 1982 செப்டம்பரில்தான் அதிகாரபூர்வமாகப் புழக்கத்துக்கு வந்தது. அடுத்த ஆறேழு மாதத்தில் இந்தப் பேட்டி. கூட நிற்க ஆள் தேவைப்பட்ட நேரத்தில் அவர் எழுந்து வேறு பக்கம் போய் உட்கார்ந்தார். நான் கேசட்டில் பார்த்த அந்தச் 'சாதாரண' ஆள், போவி போட்ட வேஷங்களிலேயே அதிக விலைக்குப் போன வேஷம்.

இதைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தபோது லூ ரீடின் 'த புளூ மாஸ்க்' ஆல்பத்தை எடுத்துப் போட்டேன். 1982ல் வந்தது. போவியும் மிக் ரான்சனும் தயாரித்துக் கொடுத்த 'டிரான்ஸ்ஃபார்மர்' ஆல்பத்தால் கிளாம் உலகுக்குள் வந்தவர் ரீட். பத்து வருஷம் கழித்து அவருக்கும் கல்யாணம் ஆகி, குடி போதையை விட வேண்டும், சாதாரணமாக வாழ வேண்டும் என்ற ஆசை. ஆல்பத்தில் 'ஆவரேஜ் கை' என்றே ஒரு பாட்டு இருக்கு. ஆனால் அட்டையைப் பாருங்க: 'டிரான்ஸ்ஃபார்மர்' அட்டையில் இருந்த அதே வெள்ளைப் பூச்சு முகம், இந்த முறை நீல நிறத்தில். நான் இப்போது இப்படி, அப்போது அப்படி, இரண்டும் நான்தான் என்று அட்டையிலேயே ஒப்புக்கொள்கிறார். உள்ளே ராபர்ட் குவைனும் ரீடும் இரண்டு கிடார்களை மோதவிடுகிறார்கள், பூச்சு எதுவும் இல்லாத பதிவு. விற்பனையில் 'லெட்ஸ் டான்ஸ்' பக்கத்தில்கூட வர முடியாது. வேஷத்தைக் கலைக்க இப்படியும் ஒரு வழி அப்போது இருந்தது.

கடைசியாக ஒருவர். அவர் எண்பதுகளில் ஆல்பமே வெளியிடவில்லை, அதனாலேயே இந்தக் குறிப்பில் வர வேண்டும்.

ஜோப்ரயத். அமெரிக்கர். 'ஹேர்' இசை நாடகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் தயாரிப்பில் நடித்தவர், நல்ல பியானோக்காரர். 1973ல் எலெக்ட்ரா நிறுவனம் அவர் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. பெரிய நிறுவனம் ஒன்றில், தான் தன்பாலின ஈர்ப்புள்ளவர் என்று ஒளிக்காமல் சொல்லிக்கொண்டு வந்த முதல் ராக் பாடகராக இவரைச் சொல்வார்கள். மேனேஜர் ஜெரி பிரான்ட் டைம்ஸ் சதுக்கத்தில் பிரம்மாண்ட விளம்பரப் பலகை வைத்தார், வோக் இதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். இத்தனை விளம்பரமே அவருக்கு எதிரியானது. அமெரிக்கப் போவி என்று கேலி செய்தார்கள். 1974ல் இரண்டாவது ஆல்பம், அத்தோடு முடிந்தது. ஆல்பங்கள் மகத்தானவை என்று சொல்ல மாட்டேன். சில பாட்டுகள் நாடக மேடைக்கு எழுதியவை போல நீளும். சிலவற்றில் பியானோ மட்டும் இருக்கும் இடங்களில் வேறு யாரிடமும் கிடைக்காத ஒரு தனிமை கேட்கும். கூட்டத்தில் நிறையப் பேருக்கு அது தொழில். இவருக்கு அது முகம். கழுவினால் போகிற சமாச்சாரம் இல்லை.

அதன்பிறகு நியூயார்க் செல்சி ஹோட்டலில் அறை எடுத்துக்கொண்டு, பெயரை மாற்றிக்கொண்டு, விடுதிகளில் பழைய காலத்துப் பாட்டுகளைப் பியானோவில் வாசித்துப் பிழைத்தார். 1983 ஆகஸ்ட் 3 அன்று, எய்ட்ஸ் நோயால், அதே ஹோட்டலில் இறந்தார். வயது 36. போவிக்கும் அப்போது 36தான். 'லெட்ஸ் டான்ஸ்' பாட்டுகளோடு 'சீரியஸ் மூன்லைட்' சுற்றுப்பயணத்தில் அரங்கம் அரங்கமாக நிறைத்துக்கொண்டிருந்தார். அந்த வருஷமே, பத்து வருஷம் முன்னால் ஹாமர்ஸ்மித்தில் போவி ஸிக்கி ஸ்டார்டஸ்ட் பாத்திரத்துக்கு விடைகொடுத்த கடைசிக் கச்சேரியின் படமும் தியேட்டருக்கு வந்தது, ஒலிப்பதிவு இரட்டைத் தட்டாகக் கடைக்கு வந்தது. அரிதாரம் பழம்பொருளாக விற்கும் அளவுக்கு வந்துவிட்டது.

ஜோப்ரயத் இறந்த செய்தி ரொம்பப் பேருக்குப் போய்ச் சேரவில்லை. 1992ல் மோரிஸி தன் 'யுவர் ஆர்சனல்' ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தில் தனக்கு முன்னால் பாட ஜோப்ரயத்தைக் கூப்பிடலாம் என்று தேடினார். அப்போதுதான் ஆள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது என்று அவருக்குத் தெரிந்தது. அந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர் மிக் ரான்சன், ஸிக்கி காலத்தில் போவியின் பக்கத்தில் கிடாரோடு நின்றவர். 2004ல் மோரிஸியின் முயற்சியில் 'லோன்லி பிளானட் பாய்' என்று ஒரு தொகுப்பு வந்தது. நான் ஜோப்ரயத்தை முதலில் கேட்டது அதில்தான்.

ஸ்பார்க்ஸ் சகோதரர்களை இதில் சேர்க்கவில்லையே என்று கேட்பீர்கள். ஜார்ஜியோ மொரோடரோடு அவர்கள் செய்தது வேறு கணக்கு, தனியாகத்தான் எழுதணும்.